'சும்பா பொந்தியானாக்': புளூரே வட்டா, இணைய வெளியீடா?

சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1958இல் தயாரித்த 'சும்பா பொந்தியானாக்' (பொந்தியானாக் என்பது மலாய்ப் பெண்பேய்) என்ற பேய்ப்படத்தை இயக்கிய பி. என். ராவ், முன்னர் தமிழ்ப் படங்களையும் இயக்கியவர் என்பதால், அதனைத் தரமாக வெளியிடக் கோரி மனு எழுதும் ரசிகர்களோடு நாமும் சேர வேண்டும். எதைக் கேட்பது?

இணையத்தில் வந்தால் சந்தா கட்டியவர்கள் உடனே பார்க்கலாம். ஆனால் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் படம் மறைந்துவிடலாம்.

புளூரே வட்டுக்கு விலை கூடுதல், தனிக் கருவியும் வேண்டும். எனினும் ஓரடுக்கு வட்டிலேயே 25 ஜிபி இடம் இருப்பதால் படத்தை அதிகம் சுருக்காமல் பதியலாம்; இரவுக் காட்சிகளின் இருண்ட மூலைகள் கட்டங்கட்டமாகச் சிதையாமல் தெரியும். மலாய் வசனத்துக்குத் தமிழ்த் துணையுரை சேர்ப்பது இரண்டிலும் சாத்தியமே.

இதே வரிசையில் 1957இல் வந்த முதல் படமான 'பொந்தியானாக்'கின் பிரதியே கிடைக்காமல் போன வருத்தம் இருக்கையில், பல வீடுகளில் பிரதி தங்குவதே பாதுகாப்பு. மனுவில் வட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும்.