‘பசுமை’ மழை ஜாக்கெட் வாங்கப் போகிறீர்களா? சான்றிதழ் எதற்கானது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

மலையேற்றத்துக்கும் மழையில் நடப்பதற்கும் விற்கிற உடைகளில், ‘சூழலுக்கு இசைவானது’, ‘மறுசுழற்சித் துணி’, ‘நியாயமான உழைப்பில் தைத்தது’ என்று அட்டை தொங்காத ஒன்றைப் பார்ப்பதே இப்போது அபூர்வம். அப்படி முத்திரைகளை வரிசையாகக் குத்திய மழை ஜாக்கெட் ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி நான் பட்டதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. தவிர, இதே வார்த்தைகளை இதே விதமாகப் பயன்படுத்தும் கம்பெனிகள் நிறைய. ஒரு பெயரைச் சொன்னால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜாக்கெட் அடுத்த மழைக்காலத்தைத் தாங்கவில்லை. தோள்பட்டைத் தையலுக்கு உட்புறம் தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டும் டேப் உரிய ஆரம்பித்தது. முதலில் நுனி மட்டும் சுருண்டது. பிறகு நகத்தால் லேசாக நெருடினாலே பட்டையாகக் கையோடு வந்தது. உள்பூச்சு பிசுபிசுத்து, வெள்ளைச் செதில்களாக உதிர்ந்து, உள்ளே போட்டிருந்த சட்டையிலெல்லாம் ஒட்டியது. பாலியூரித்தேன் பூச்சு ஈரம் பட்டுச் சிதையும்போது இப்படித்தான் ஆகும். நல்ல தயாரிப்பில் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

‘வாழ்நாள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருகிறோம்’ என்று அட்டையிலேயே இருந்ததால் நம்பிக்கையோடு எழுதினேன். ‘இது இயல்பான தேய்மானம்’ என்று பதில் வந்தது. நிபந்தனைகளில் வெகு கீழே போய்ப் பார்த்தால், பொருளின் பயன்பாட்டுக் காலம் முடிந்ததா இல்லையா என்பதை நிறுவனமே தீர்மானிக்கும் என்று இருக்கிறது. சரி, இந்த வாக்குறுதிக்கே இவ்வளவுதான் மதிப்பு என்றால் மற்றவை எப்படி என்று ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் ‘100% மறுசுழற்சி’. அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஜாக்கெட்டுக்குள் பக்கவாட்டுத் தையலில் வைத்திருந்த சின்ன லேபிளில் வேறு கதை: வெளித்துணி வெறும் நைலான், உள்ளே இருக்கும் வலைத்துணி மட்டும் மறுசுழற்சி பாலியஸ்டர். எடையில் பெரும்பகுதி வெளித்துணிதான். இந்தப் பாலியஸ்டரும் பழைய துணியிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். சந்தையில் இருக்கும் மறுசுழற்சி பாலியஸ்டரில் மிகப் பெரும் பங்கு பெட் பாட்டில்களிலிருந்து வருவது. பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்க முடியும். பூச்சும் டேப்பும் ஒட்டிய ஜாக்கெட்டைத் திரும்ப ஜாக்கெட்டாக்குவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

சான்றிதழ் கேட்டேன். அதை மட்டும் உடனே அனுப்பினார்கள். முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் இருந்தது, பார்க்க ஜோராக இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் அதை எப்படிப் படிப்பது என்று சொன்னார். வந்தது ‘ஸ்கோப் சர்டிபிகேட்’. ஜி.ஆர்.எஸ். எனப்படும் உலகளாவிய மறுசுழற்சித் தரத்தின்படி ஒரு துணி ஆலைக்குக் கொடுத்தது. இந்த ஆலையில் சான்று பெற்ற சரக்கைக் கையாள ஏற்பாடு இருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதே ஆலை அதே வாரத்தில் சாதாரணத் துணியையும் நெய்யலாம். என் ஜாக்கெட்டுக்கு வந்த துணி எது என்று காட்டுவது இன்னொரு தாள், ‘ட்ரான்ஸாக்ஷன் சர்டிபிகேட்’. யார் விற்றார், யார் வாங்கினார், எந்தச் சரக்கு, எவ்வளவு எடை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டதும் பேச்சு மூச்சு இல்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ‘வணிக ரகசியம்’ என்றார்கள். விற்றவர் பெயரையும் எடையையும் கறுப்படித்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். அதற்கும் பதில் இல்லை. இதில் இன்னொன்றையும் கவனித்தேன். ஸ்கோப் சான்றிதழ் பொதுவாக ஓராண்டுதான் செல்லும். எனக்கு அனுப்பியது ஜாக்கெட் தைத்ததாக லேபிளில் இருந்த மாதத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

அடுத்து ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100. இது நல்ல சோதனைதான். பொருளில் உடம்புக்குக் கேடான ரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துக் கொடுப்பது. தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, சாயத் தண்ணீர் எங்கே போனது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் ஒரு சௌகரியம், லேபிள் எண்ணை அவர்கள் தளத்திலேயே யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பார்த்தேன். எண் உண்மையானதுதான். ஆனால் அது ஒரு தையல் நூல் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது. அதாவது என் ஜாக்கெட்டில் நூல் சுத்தம்.

துணித் தயாரிப்பில் சேரும் ரசாயனங்களைக் கவனிக்கும் ப்ளூசைன் என்ற அமைப்பின் முத்திரையும் இதே ரகம். ‘ப்ளூசைன் பார்ட்னர்’ என்றால் கம்பெனி அந்த அமைப்பில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. குறிப்பிட்ட உடை தேறியதா என்பதற்கு ‘ப்ளூசைன் ப்ராடக்ட்’ என்று தனி முத்திரை இருக்கிறது. என்னுடையதில் அது இல்லை.

தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சில்தான் பெரிய தில்லாலங்கடி. ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். எட்டு கார்பன் கொண்ட அந்த ரசாயனம் 2019லேயே, எளிதில் மக்காத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிவிட்டது. உலகமே கைவிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதில் என்ன பெருமை? அதை விட்ட பல கம்பெனிகள் சி6 எனப்படும் ஆறு கார்பன் பூச்சுக்குப் போயின. அதுவும் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளூரின் ரசாயனங்களின் அதே குடும்பம், அதுவும் இயற்கையில் மக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தில் எதையுமே சேர்க்கவில்லை என்று எழுதித் தருவீர்களா?’ என்பது. எனக்கு வந்த பதில்: ‘நவீன, பாதுகாப்பான சி6 தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறோம்.’ தெரியாது என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதிய உடைகளில் இவற்றை வேண்டுமென்றே சேர்த்து விற்கத் தடை. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் உண்டு; அதுவும் பி.எஃப்.ஏ.எஸ். சேர்த்துச் செய்தது என்று வெளிப்படையாகச் சொன்னால்தான்.

இந்தக் குடும்பத்தையே தவிர்த்த பூச்சுக்கு ஒரு குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பசையையும் வியர்வையையும் அவ்வளவாகத் தள்ளாது. அடிக்கடி துவைக்க வேண்டும், லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லி விற்கிற கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

உழைப்பு விஷயத்தில் ‘எங்கள் தொழிற்சாலைகள் எல்லாம் தணிக்கை செய்யப்பட்டவை’ என்றார்கள். தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கராச்சிதான் நினைவுக்கு வரும். அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்று கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பரில், தீப்பிடித்தது. கம்பி போட்ட ஜன்னல்களுக்கும் பூட்டிய கதவுகளுக்கும் உள்ளே 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தணிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் செய்தது, அறிக்கை எங்கே, கண்டுபிடித்த குறைகளைத் தீர்த்தார்களா என்று கேட்க வேண்டும். இவர்கள் தளத்தில் ‘ஃபேர் வேர் நெறிகளைப் பின்பற்றுகிறோம்’ என்று வேறு இருந்தது. ஃபேர் வேர் என்பது உடைத் தொழிலாளர் நலனுக்கான அமைப்பு; அது தன் உறுப்பினர் பட்டியலையும், ஒவ்வொரு பிராண்டையும் மதிப்பிட்ட அறிக்கையையும் பொதுவில் வைக்கிறது. பட்டியலில் இவர்கள் பெயரே இல்லை. பின்பற்றுகிறோம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே! தொழிற்சாலைப் பட்டியல் என்று கொடுத்ததிலும் தையல் கூடங்கள் மட்டும்தான். நூற்பு, நெசவு, சாயம் எதுவும் இல்லை. உடையின் கார்பனிலும் தண்ணீரிலும் ரசாயனத்திலும் பெரும்பகுதி செலவாவது அங்கேதான்.

‘வழக்கமான ஜாக்கெட்டைவிடக் குறைவான பாதிப்பு’ என்ற வரிக்கும் கணக்குக் கேட்டேன். பொதுவான சராசரி எண்களை அனுப்பினார்கள். 2022ல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் நொரோனா என்ற மலையேற்ற உடை பிராண்டின் இப்படிப்பட்ட விளம்பரத்தைத் தவறாக வழிநடத்துவது என்று சொன்னது. காரணமும் இதே: துணிவகைகளின் சூழல் பாதிப்பை அளவிடும் ஹிக் என்ற குறியீட்டின் சராசரிக் கணக்கை எடுத்துக் குறிப்பிட்ட சட்டைக்குப் பொருத்தியிருந்தார்கள். ஆதாரமில்லாமல் ‘சூழலுக்கு இசைவானது’ என்று பொத்தாம்பொதுவாகப் போடுவதைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை.

இவ்வளவு கேட்டதாலோ என்னவோ, ‘சரி, ஜாக்கெட்டை அனுப்புங்கள், ஆய்வு செய்கிறோம்’ என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். அனுப்பினேன். பல வாரம் கழித்து ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது, கூடவே ஒரு வரி: ‘உங்கள் ஜாக்கெட் பொறுப்பான முறையில் மறுசுழற்சி செய்யப்பட்டது.’ யாரைக் கேட்டுச் செய்தீர்கள், எந்த ஆலையில், என்னவாக மாறியது என்று எழுதிக் கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே வரவில்லை. கூப்பனைத் தொடாமல், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் யாராவது இப்படிப் பொருளைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், என் சம்மதம் இல்லாமல் அழிக்கக் கூடாது, பழுதுபார்க்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அதற்கு முன் அட்டை, உள்லேபிள், உரிந்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் தளத்தில் இருக்கும் வாக்குறுதிகளையும் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். என் புகார் போன மறுவாரமே ‘100% மறுசுழற்சி’ என்ற வரி அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போனது. என் கையில் மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள் மட்டும்தான்.