பச்சைக் கோட்டினை நம்பி: பிரான்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் மிஷ்லான் காகித வரைபடமும்

"செயலியே வழி சொல்லும்போது காகித வரைபடம் எதற்கு?" தெற்கு பிரான்சில் லோத், தார்ன் ஆறுகளின் பக்கம் கார் எடுத்துச் சுற்றப்போகும் நண்பர் கேட்டது இது. பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தி வந்ததில், பதில் ஒரு வரியில் அடங்கவில்லை.

நான் சொல்வது டயர் நிறுவனமான மிஷ்லான் 1:1,50,000 அளவில் வெளியிடும் மஞ்சள் அட்டை மாவட்ட வரைபடங்களை. தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் ஒன்றரை கிலோமீட்டர். இதன் உயிரே சாலையை ஒட்டி ஓடும் பச்சைக் கோடுதான். பச்சை இருந்தால் கண்ணுக்கு விருந்தான சாலை. சாலைமீது கிடக்கும் சிறு அம்புகள் ஏற்றத்தைக் காட்டுபவை: ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு முனை இருக்கும் பக்கம் மேடு. வண்டி நிறையப் பெட்டியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மூன்று அம்புச் சாலையில் இறங்குவதா வேண்டாமா என்பதை முதல் நாள் இரவே மேசையில் முடிவு செய்துவிடலாம். இத்தனை தகவலை ஒரே பார்வையில் தரும் திரை எதையும் இதுவரை நான் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பச்சைக் கோடு எந்தத் திசையில் ஓட்டுவது என்பதைச் சொல்லாது. பள்ளத்தாக்குச் சாலைக்குத் திசைதான் பாதி அழகு. பிரான்சில் வண்டி வலப்பக்கம் போகிறது. ஆறும் வலப்பக்கமே இருந்தால், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் காட்சி மேடைகளில் ஒதுங்கலாம், நடுவில் எதிர்த்தட வண்டிகளும் மறைக்காது. காவிரிக்கு வடகரை, தென்கரை என்று சொல்லிப் பழகிய கணக்கு இங்கே உதவாது. லோத் ஆறு வளைந்து வளைந்து போவதில் வடகரை சிறிது தூரத்தில் கிழக்குக் கரையாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று வலக்கரை, இடக்கரை என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் விதி எளிது: சாலை வலக்கரையில் இருந்தால் நீரோட்டத்துக்கு எதிராக ஓட்டு, இடக்கரையில் இருந்தால் நீரோடு ஓட்டு.

தார்ன் பள்ளத்தாக்கின் டி 907 பிஸ் (D 907 bis; டி என்றால் மாவட்டச் சாலை) வலக்கரையில் போகிறது. ஆகவே ல ரொசியேயில் தொடங்கி லா மலேன் வழியாகச் சேன்த்-எனிமிக்கு மேல்நோக்கிப் போக வேண்டும். தொர்தோஞ் ஆற்றில் பேநாக்கிலிருந்து லா ரோக்-கஜாக்குக்குப் போவதும் இதே கணக்கு. ஆர்தேஷ் ஆற்றின் டி 290 இடக்கரை மேட்டில் போகிறது. அங்கே வலோன்-போன்-தார்க்கிலிருந்து சேன்-மர்த்தேன் நோக்கி, நீரோடு. லோத், செலே இரண்டிலும் பெரும்பாலும் வலக்கரையே: காஓரிலிருந்து டி 653, வேர் ஊரில் டி 662, இரண்டு ஆறும் கூடும் கோந்துஷேயில் இடப்பக்கம் திரும்பி டி 41, பிறகு கப்ரெரே, மர்சியாக் வழியாக ஃபிஜாக். ஏறத்தாழ 70 கி.மீ. இந்த வழிகள் எல்லாமே பொதுவாகக் கிழக்குப் பக்கம் போகிறவை என்பதால் காலையில் கிளம்பினால் வெயில் கண்ணில் அடிக்கும். பிற்பகலே நல்லது. வளைவுச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. என்று வைத்து, நிற்கும் நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். ஜூலை, ஆகஸ்டில் படகுகளை இழுத்துச் செல்லும் டிரெய்லர் வேன்கள் தார்னிலும் ஆர்தேஷிலும் முன்னால் ஊர்ந்தால் 40 கூட வராது.

இனி செயலி. எந்த நிறுவனத்துடையது என்பது முக்கியமல்ல, எனக்கு எரிச்சல் ஒன்றுதான். அழகாகப் போட்டுவைத்த பள்ளத்தாக்கு வழியை "நான்கு நிமிடம் மிச்சம்" என்று சொல்லி, கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டின்மேல் ஏற்றிவிடுகிறது. நெடுஞ்சாலை தவிர் என்ற தேர்வு இதைத் தடுக்காது, ஏனென்றால் மேட்டுச் சாலையும் நெடுஞ்சாலை அல்ல. ஆற்றோரச் சாலை வளைந்து நீள்கிறது, ஊருக்கு ஊர் 50க்கு இறங்குகிறது; மேட்டில் நேராக 80இல் போகலாம். நேரத்தைக் குறைப்பதே அதற்கு இட்ட வேலை, அதைச் சரியாகச் செய்கிறது. இது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

இதற்கு மாற்று, இடைப்புள்ளிகள்: கட்டாயம் தொட்டுப் போக வேண்டும் என்று செயலியில் நாம் வழிநெடுகக் குறித்துவைக்கும் இடங்கள். ஊர் நடுவில் வைக்கக் கூடாது, வைத்தால் தேவாலயச் சந்துக்குள் இழுத்துப் போகும். ஊரைத் தாண்டி ஒன்றிரண்டு கி.மீ. தள்ளி, வேறு சாலை சேராத இடமாகப் பார்த்து வையுங்கள். நாற்பது கி.மீ.க்கு மூன்று, நான்கு போதும். பெரிதாக்கிப் பார்த்து, புள்ளி சாலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். விரல் வழுக்கி எதிர்க்கரையில் விழுந்தால் அடுத்த பாலம்வரை போய்த் திரும்பச் சொல்லும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், பாறைச் சுவர்களுக்கு நடுவே சிக்னல் அறுந்துபோகும். வேகமான வழிக்குத் தானாக மாறும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் ஒரு சிக்கல். 2006இல் பல தேசியச் சாலைகள் மாவட்டங்களின் கைக்குப் போய் எண் மாறின. காஓர் வழியாகப் போகும் தேசியச் சாலை N 20 இன்று டி 820. தாளில் ஓர் எண், வழிகாட்டிப் பலகையில் இன்னோர் எண் என்றால் ரவுண்டானாவில் நின்று தடுமாற வேண்டியதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துப் போக முடியும் என்றால் நான் கைப்பேசியைத்தான் எடுப்பேன். பாறை சரிந்து சாலை மூடியிருப்பது தாளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அட்டை போட்டால் இயங்கும் பெட்ரோல் பங்க் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் தெரியாது. தாளை வீட்டிலேயே விரித்து, பச்சையை ஆற்றின் கரையோடு ஒப்பிட்டு, திசையைக் குறித்து, புள்ளிகளைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். காருக்குள் அதை மடிக்க முயன்றால் இரண்டே பயணத்தில் மடிப்பு கிழிந்துவிடும்.