காசு சாதாரணம், உறைதான் அபூர்வம்: பழைய ஸ்லாப்களோடு என் அனுபவம்

என் சேகரிப்பில் அதிகம் இருக்கும் நாணயம் 1881ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அச்சான மார்கன் வெள்ளி டாலர். அந்த ஆண்டு அங்கே அடித்தது மட்டும் 1,27,60,000. அமெரிக்காவில் எந்தக் காசுக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் என்னிடம் இருப்பவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உறையில் இருக்கின்றன. நான் பணம் கொடுத்தது அந்த உறைகளுக்குத்தான். சிவகாசித் தீப்பெட்டி லேபிள் சேர்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. தரச்சான்று நிறுவனங்கள் நாணயம் அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் மதிப்பிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் லேபிளோடு மூடித் திருப்பித் தருகின்றன. இதைத்தான் ஸ்லாப் என்கிறோம். பி.சி.ஜி.எஸ். இந்த வேலையை 1986இல் தொடங்கியது, என்.ஜி.சி. அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் தொடங்கியது. இன்றைக்குச் சந்தையில் பெரும்பகுதி இந்த இரண்டின் கையில்தான்.

நான் நீண்ட காலமாக வைத்திருப்பவற்றில் முதலிடம் 'ராட்லர்' எனப்படும் பி.சி.ஜி.எஸ்.ஸின் முதல் தலைமுறை உறைக்கு. 1989 வரை வந்தது இது. உள்ளே நாணயம் இறுக்கமாக உட்காராது, ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும், பெயரும் அதனால்தான். சின்னது, மெல்லியது, கையில் பிடிக்கச் சுகமானது. இன்றைய உறைகளின் தடித்த ஓரங்களைப் பார்த்தபின் இதை எடுத்தால், வடிவமைத்தவருக்கு நாணயம்தான் முக்கியமாக இருந்தது என்று தோன்றும். குறைகளும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று அடுக்க உதவும் மேடான விளிம்பு இதில் இல்லை, அதனால் அடுக்கினால் வழுக்கும், உரசும், கீறல் விழும். லேசான கீறலைப் பிளாஸ்டிக் பாலிஷ் போக்கிவிடும், ஆழமானது போகாது. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய பையில் போட்டு நிறுத்தி வைக்கிறேன். பழைய ஏலக் கம்பெனிகள் ஒட்டிய லாட் எண் ஸ்டிக்கர்களை மட்டும் நான் உரிப்பதில்லை. அது எந்தக் கைகள் வழியே வந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வைப்பதற்கான பெட்டிதான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான தலைவலி. என்.ஜி.சி.யின் ஆரம்பகால வெள்ளை உறைகளை 'ஃபேட்டி' என்பார்கள். தடிமன் அதிகம் என்பதால் மற்ற நிறுவனத்தின் பெட்டியில் நுழையாது. அனாக்ஸ் என்ற இன்னொரு தரச்சான்று நிறுவனத்தின் சிறிய வெள்ளை உறை எந்தப் பெட்டியிலும் ஆடும். 1990களின் தொடக்கத்தில் பி.சி.ஜி.எஸ். கொஞ்ச காலம் மட்டும் கொடுத்துப் பார்த்த ரீஜன்சி உறை எதிலும் அடங்காத பெரிய உருவம். கடைசியில் நான் வாங்கியது காகிதத் தடுப்புகள் கொண்ட சாதாரண அட்டைப்பெட்டி.

இவை ஏன் அரிதாயின என்று புரியாமல் விலை கொடுக்கக் கூடாது. தரமதிப்பு காலப்போக்கில் தளர்ந்துவிட்டது என்பது சேகரிப்பாளர்களிடையே பரவலான எண்ணம். 1988இல் 64 வாங்கிய நாணயம் இன்று அனுப்பினால் 65 வாங்கும் என்ற நம்பிக்கையில் பழைய உறையை உடைத்து மறுபடி அனுப்புகிறார்கள். ஒரு புள்ளி ஏறினால் சில நாணயங்களுக்கு விலை பல மடங்கு ஏறும். சுத்தியலுக்கு நல்ல வேலை! ஆகவே விலை உயர்ந்த நாணயம் ராட்லரில் இருந்தால், அதற்குக் கேட்கும் கூடுதல் தொகை உறைமீதான அன்பினால் அல்ல, உடைத்தால் என்ன கிடைக்கும் என்ற ஆசையினால். உறையைச் சேர்ப்பவன் அந்தச் சூதாட்டத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. மலிவான நாணயம் இருக்கும் உறையைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு புள்ளி ஏறினாலும் கட்டணம்கூடத் தேறாத நாணயத்தை யாரும் உடைப்பதில்லை. உறையிலிருக்கும் நாணயத்தை அப்படியே மறுபடி பார்த்து, சி.ஏ.சி. என்ற நிறுவனம் 2007 முதல் உறைமேல் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் இந்த உடைப்பைச் சற்றுக் குறைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. கொடுத்த மதிப்பைவிட நாணயம் உயர்ந்தது என்று தங்கநிற ஸ்டிக்கர் சொல்லிவிட்டால், பழைய உறையோடேயே நல்ல விலைக்குப் போகிறது.

சாம்பிள் ஸ்லாப்களின் கதை வேறு. கண்காட்சிகளில் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்தவை அவை. உள்ளே ஒரு சென்ட்டோ பத்து சென்ட்டோ இருக்கும், லேபிளில் 'சாம்பிள்' என்று அச்சிட்டிருக்கும். இவற்றை அழித்தது சுத்தியல் அல்ல, குப்பைத்தொட்டி. கணினியே மதிப்பிடும் என்று சொல்லிக்கொண்டு வந்து, தசமப் புள்ளி வரை மதிப்பெண் போட்ட காம்ப்யூகிரேடு போன்ற நிறுவனங்களின் உறைகளும் எனக்குப் பிடிக்கும். ஒரு வெள்ளிக் காசுக்கு 64.3 என்று எழுதிய துணிச்சலுக்கே காசு கொடுக்கலாம்.

நாணயத்தை உறையில் மூடும் வேலையைத் தனியாருக்கு முன்பே அமெரிக்க அரசாங்கம் செய்துவிட்டது. கருவூலத்தில் தேங்கிக் கிடந்த, கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அச்சான வெள்ளி டாலர்களை ஜி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனம் 1972 முதல் 1980 வரை கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்து விற்றது. 1884ஆம் ஆண்டு நாணயத்தில் மட்டும் 9,62,638 அப்படிப் போயின. அந்த ஆண்டு கார்சன் சிட்டியில் அடித்ததே சுமார் 11 லட்சத்து 36 ஆயிரம்தான். முதல் விற்பனையில் 30 டாலருக்குக் கிடைத்தது. பின்னாளில் தரச்சான்றுக்கு அனுப்புவதற்காகப் பலர் இந்த உறையையும் உடைத்தார்கள். என்.ஜி.சி. இப்போது உறையை உடைக்காமலேயே மதிப்பிட்டு மேலே ஒரு பட்டை கட்டித் தருகிறது. தொடங்க நினைப்பவருக்கு நான் காட்டும் முதல் உறை இதுதான். கனமானது, உறுதியானது, நிறையக் கிடைக்கிறது. ஆனால் காற்றுப் புகாதது என்று நினைக்க வேண்டாம். எந்த உறையானாலும் வெள்ளி மெல்ல நிறம் மாறும். ஈரமில்லாத அறை அவசியம்.

வாங்குவதில் உள்ள தொல்லை ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்பவர்கள் நாணயத்தை மட்டும் பெரிதாகப் படமெடுத்து உறையை வெட்டிவிடுகிறார்கள். ஒருமுறை பச்சை லேபிள் கொண்ட பழைய உறை என்று உறுதிசெய்து பணம் அனுப்பினேன். பார்சலில் வந்ததோ பளபளக்கும் புது உறை. "பழையதில் கீறல் இருந்தது, என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்" என்று பெருமையாகக் குறிப்பு வேறு எழுதியிருந்தார். அவருடைய நல்ல மனதைக் குறை சொல்ல முடியவில்லை, பணத்தை மட்டும் திரும்பக் கேட்டேன். அன்றிலிருந்து "உறையைத் தொடாதீர்கள்" என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

போலி உறைகளும் உண்டு. 2008இலேயே இரண்டு பெரிய நிறுவனங்களும் எச்சரித்தன. சான்று எண்ணை இணையத்தில் சரிபார்த்தால் மட்டும் போதாது, ஏனெனில் போலிகள் உண்மையான எண்ணையே அச்சிடுகிறார்கள். எழுத்துரு, ஹாலோகிராம், ஓர இணைப்பு ஆகியவற்றை அதே தலைமுறையின் அசல் உறையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவான ராட்லர் ஒன்றைக் கையோடு வைத்திருப்பதில் இந்த வசதியும் இருக்கிறது.

என்.ஜி.சி. 1987இல் சில மாதங்கள் மட்டும் கொடுத்த கறுப்பு உறை என்னிடம் இல்லை. அதற்காக மட்டும் பெரும் தொகை கூடுதலாகக் கேட்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அழகுதான். ஆனால் கறுப்பு உறைக்குள் இருப்பது விலை உயர்ந்த தங்க நாணயமாக இருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. சாதாரண மார்கன் ஒன்று உள்ளே இருந்து, உறையில் விரிசல் இல்லாமல் வந்தால் யோசிப்பேன்.