ஜான் மியர்ஷைமரின் உக்ரைன் உரை: காணொளி மதிப்புரை

சிகாகோ பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் 2015இல் அங்கு ஆற்றிய 2014 உக்ரைன் நெருக்கடி (ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட காலம்) குறித்த உரை, யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்த பின்னர் இதன் பார்வைகள் வேகமாகப் பெருகி இரண்டு கோடியைத் தாண்டின. துறைக்குள் பல பத்தாண்டுகளாக அறியப்பட்டிருந்த ஓர் அறிஞர் உலகறிந்த முகமானார்.

அந்தப் புகழுக்கு உரையின் தெளிவே முதற்காரணம் என்று கருதுகிறேன். உக்ரைனின் மொழிப் பரவலையும் தேர்தல் முடிவுகளையும் வரைபடங்களில் காட்டி, மேற்கு நாடுகளின் நேட்டோ ராணுவக் கூட்டணி விரிவாக்கம், ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கம், ஜனநாயக ஊக்குவிப்பு ஆகிய மூன்றையும் நெருக்கடியின் வேர்களாக முன்வைத்து, உக்ரைன் ஒருநாள் நேட்டோவில் சேரும் என்று அறிவித்த 2008 புக்கரெஸ்ட் மாநாட்டுக்கு அவர் அளிக்கும் முக்கியத்துவத்தைப் பாடநூல் படிக்காதவரும் பின்தொடர முடிகிறது. கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாத இப்பண்பு கல்வியாளர்களிடம் அரிது.

ஆனால், பெரும் வல்லரசுகளின் கணக்குகளுக்கு இடையே உக்ரைன் மக்களின் சொந்த விருப்பம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது. மேலும், உக்ரைனைக் கைப்பற்ற முயலாத அளவுக்குப் புதின் புத்திசாலி என்றும் இதே உரையில் அவர் கூறுகிறார். இவ்வுரையைத் தீர்க்கதரிசனம் என்று பகிர்பவர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. துண்டுக் காணொளிகளை விடுத்து, கேள்வி நேரம் உட்பட முழு உரையையும் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.