சீனம் பேசும் சிற்றலைகள்: எந்த நிலையம் யாருக்கு?

சிற்றலையில் (ஷார்ட்வேவ்), சீனாவின் பொதுமொழியான மாண்டரின் ஒலிபரப்புகளைத் தேடியவர்களுக்கு அந்த இசை மறக்காது. முரசும் தாளமும் காதைப் பிளக்கும். அறிவிப்பாளர் கிடையாது, நிலையத்தின் பெயர் கிடையாது. உற்றுக் கேட்டால் அடியில் ஒரு மனிதக் குரல் தத்தளிப்பது புரியும். தனக்கு ஆகாத நிலையங்களை மூழ்கடிக்கச் சீனா ஏவிய இடையூறு அது. நேயர்கள் வைத்த பெயர் 'ஃபயர்டிரேக்'.

தெளிவு மட்டும் போதுமென்றால் சீன அரசின் சீன வானொலி நிலையத்தை யாரும் மிஞ்ச முடியாது. 1963 முதல் தமிழிலும் பேசிய நிலையம். கடிதம் எழுதிய நம் நேயர் மன்றங்களுக்கு அதன் அன்பு தெரியும். ஆனால் பெய்ஜிங் சொல்ல விரும்பாத செய்தி அதில் வராது.

பிபிசி 1941-ல் சீன மொழியில் தொடங்கி, 2011 மார்ச்சில் மாண்டரின் சிற்றலையை நிறுத்தியது. செலவுக் குறைப்பு, இனி இணையம் என்றார்கள். அந்த இணையதளமோ சீனாவில் முடக்கப்பட்டது! இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

என் மனம் சாய்வது 1996-ல் மாண்டரினில் தொடங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் பக்கம். அமெரிக்க அரசின் பணத்தில் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஹான் டோங்ஃபாங் அதில் நடத்திய நிகழ்ச்சிக்கு ஈடு எது? ரயில்வே எலக்ட்ரீஷியனாக இருந்து, 1989 தியானன்மென் போராட்டத்தில் தொழிலாளர் சங்கம் கட்டியதற்காகச் சிறை சென்றவர். ஹாங்காங்கில் இருந்துகொண்டு சீனாவின் தொழிலாளர்களையும் உள்ளூர் அதிகாரிகளையும் தொலைபேசியில் அழைத்து, சம்பள பாக்கி என்ன ஆயிற்று, விபத்து எப்படி நடந்தது என்று கேட்பார். அந்த உரையாடலே நிகழ்ச்சி. 2025-ல் நிதி முடங்கி, அக்டோபர் இறுதியில் அந்த நிலையம் செய்திப் பணியை நிறுத்திக்கொண்டது.

அடுத்தது தைவான் வானொலி. பனிப்போர்க் காலத்தில், விமானத்தோடு தப்பி வரும் சீன விமானிகளுக்குத் தங்கம் தருவதாக அறிவித்த தைவான் ஒலிபரப்பு இன்று நிதானமாகப் பேசுகிறது. மாண்டரினோடு ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ் மொழிகளும் உண்டு. தைவானுக்கும் சீனாவுக்கும் இடையிலான நீரிணை குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர்தான் என்பதால், சீனாவின் தென்கிழக்குக் கரையில் இருப்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். பேட்டரி ரேடியோ ஒன்று போதும். யார் கேட்டார்கள் என்ற பதிவு எங்கும் விழாது. ஆனால் சம்பளம் வராத தொழிலாளியைத் தேடிப்பிடித்துப் பேசவைக்கும் ஹானின் அழைப்புக்கு இதுவும் மாற்றாகாது.