பிரெட் மெஷின்ல க்ளூட்டன் இல்லாத சவர்டோ, ஆறு மாச அனுபவம்

எங்க வீட்டுக்காரருக்கு சீலியாக்னு (கோதுமைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் ஒத்துக்காத நோய்) தெரிஞ்ச நாள்லேர்ந்து கோதுமை, மைதா, ரவை எல்லாம் வீட்ட விட்டே போயாச்சு. இட்லி தோசைக்குப் பிரச்சனை இல்ல, ஆனா மனுஷனுக்குக் காலைல காபியோட ரெண்டு ஸ்லைஸ் டோஸ்ட் இல்லன்னா பொழுது விடியாது. அதான் க்ளூட்டன் ஃப்ரீ பட்டன் இருக்கற பிரெட் மெஷின் ஒண்ண ஆன்லைன்ல வாங்கினேன், பத்தாயிரத்துக்கு மேல.

ஈஸ்ட் போட்டா நல்லாவே வருது, பொய் சொல்லக்கூடாது. கோதுமை மாவுன்னா ரெண்டாவது தடவையும் பிசையும், இந்த பட்டன்ல ஒரே தடவை கலக்கி, ஒரே தடவை பொங்க விட்டு பேக் பண்ணிடுது, அது சரிதான், க்ளூட்டன் இல்லாத மாவு ஒரு தடவை அமுங்கினா திரும்ப எழும்பாது. ஆனா சவர்டோவுக்கு, அதாவது கடை ஈஸ்ட் இல்லாம புளிச்ச மாவால பொங்க வெக்கற பிரெட்டுக்கு, இது சுத்தமா செட் ஆகல. எல்லாமே ஈஸ்ட் வேகத்துக்கு, மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடுது, என் ஸ்டார்ட்டருக்கு (அந்தப் புளிச்ச மாவுதான்) சென்னை வெயில்லயே நாலு மணி நேரம் வேணும். மொத லோஃப மாமியார் கைல வாங்கிப் பாத்துட்டு கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்னாங்க.

இப்ப கலக்கினதும் ஆஃப் பண்ணி, மாவு கலக்கற பேடில உருவிடறேன் (இல்லன்னா அடில ஓட்டை), நாலஞ்சு மணி நேரம் கழிச்சு பேக் மட்டும் போடறேன். கலக்கறதும் அரைகுறைதான், மூலைல வெள்ளையா மாவு நிக்குது, நாமளே கரண்டியால வழிச்சு விடணும். அப்புறம் எதுக்கு மெஷின்?

என் அளவு: சோள மாவு (வெள்ளைச் சோளம், கார்ன்ஃப்ளார் இல்ல) 150 கிராம், சிகப்பரிசி மாவு 100, மரவள்ளி மாவு 100, இசப்கோல் 20, உப்பு 7, ஸ்டார்ட்டர் 120, தண்ணி 370 மில்லி. இசப்கோல மொதல்ல தண்ணில போட்டு ஜெல்லி மாதிரி ஆனப்புறம்தான் மாவுல சேக்கணும், க்ளூட்டன் செய்யற வேலைய இங்க அதுதான் செய்யுது. ஸ்டார்ட்டர் சிகப்பரிசி மாவும் தண்ணியும் சம அளவு, தினம் பாதிய எடுத்துட்டு புதுசா சேத்தா போதும், எனக்கு ஆறாம் நாள் பழைய சோத்துத் தண்ணி வாசனை வந்து பொங்கிச்சு.

மாவ மில்லுல குடுக்காதீங்க, கோதுமை அரைச்ச அதே மெஷின்ல அரைச்சா இவ்ளோ பாடும் வீண், நான் மிக்ஸில அரைச்சு சலிச்சுக்கறேன். புளிச்சா க்ளூட்டன் போயிடும், சாதா சவர்டோவே சாப்பிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சீலியாக் உள்ளவங்களுக்கு அது ஆகாது. பெருங்காயத்துலகூட மைதா கலந்து வரும், டப்பாவப் படிங்க.

மெஷின்ல பண்ணா மேல் ஓடு வெளுத்து மெத்துன்னு இருக்கு. அதே மாவ மூடி போட்ட இரும்புச் சட்டில ஓடிஜில (சின்ன கரண்ட் அவன்) 230 டிகிரில 45 நிமிஷம் வெச்சு, மூடிய எடுத்துட்டு இன்னும் 20 நிமிஷம் விட்டா தட்டினா டொக் டொக்னு சத்தம் வருது. உள்ள 97, 98 டிகிரி வரணும். ராத்திரி எடுத்தா காலைலதான் கத்தி வெக்கறேன், சூட்டோட வெட்டினா நடுவுல களி. இவர் ரெண்டு தடவை அவசரப்பட்டு வெட்டி களிதான் தின்னார்.

ஈஸ்ட் பிரெட்டுக்கு மட்டும்னா மெஷின் வாங்கலாம், சவர்டோவுக்கு வேண்டவே வேண்டாம். என்னோடத தம்பி கேட்டிருக்கான், அவன் வீட்ல எல்லாரும் கோதுமை சாப்பிடறவங்கதான், அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறான்.