எண் வரம்பைத் தாண்ட ஒரு வழி: சாப்என்இசட்பிடி

யூஸ்நெட் என்பது பதிவுகளையும் கோப்புகளையும் தலைப்புவாரிக் குழுக்களில் பகிரும் பழைய இணைய அமைப்பு. அதன் குழு ஒவ்வொன்றிலும் வரும் பதிவுகளுக்குச் சர்வர் வரிசை எண் இடுகிறது. அந்த எண் 2,147,483,647ஐத் தாண்டியதும், அதை 32 பிட் குறியுள்ள முழு எண்ணாக (மைனஸ் எண்களும் அடங்கும், அந்த எண்ணே உச்சமான வடிவில்) வைத்திருக்கும் பழைய வாசிப்பு மென்பொருள் அடுத்த எண்ணை மைனஸ் எண்ணாகப் படித்துக் குழம்பிவிடுகிறது. கோப்புகள் குவியும் பெருங்குழுக்களில்தான் இந்தத் தொல்லை.

பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட இலவசப் பதிவிறக்க மென்பொருளான சாப்என்இசட்பிடி வரிசை எண்ணைத் தொடுவதே இல்லை என்பதுதான் அதன் பெரிய பலம். பெரிய கோப்புகள் யூஸ்நெட்டில் பல துண்டுகளாகப் பதிவாகின்றன; அவற்றின் பட்டியலான என்இசட்பி கோப்பைத்தான் இந்த மென்பொருளுக்குக் கொடுக்கிறோம். அதைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு துண்டுக்கும் அதன் அளவோடு, எந்தச் சர்வரிலும் மாறாத செய்தி அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தைச் சொல்லியே துண்டுகளைப் பெற்று, பழுது நீக்கி, சுருக்கப்பட்ட கோப்பை விரித்தும் தந்துவிடுகிறது. வீட்டுக் கணினிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

உரையாடல்களைப் படிக்கவோ மறுமொழி எழுதவோ இதில் வசதி இல்லை. உரைக் குழுக்களின் எண்கள் அந்த வரம்பை எட்டுவது அரிது என்பதால், அவற்றுக்குப் பழைய மென்பொருளையே வைத்துக்கொள்ளலாம்.